பெரிய வெள்ளியில் பிடிபட்ட நண்டு

அத்தியாயம் 7

“அந்தக் குழாயைத் தொடாதையும்” என்று தக்ஷாயினி சொன்னது சில்வெஸ்ரருக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்ட பிறகுதான் இழுத்தான்.

குழாய் அவன் நினைத்த பக்கம் திரும்பவில்லை. ஒருதரம் விக்கியது, ஒருதரம் இருமியது, பிறகு கடலட்டை அவித்த சாம்பல்நிறத் தண்ணீரை முழுமனதோடு அவன் காற்சட்டையிலும், கல்லில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த தக்ஷாயினியின் கையிலும் கக்கியது. கையில் இருந்தது ஆய்வறிக்கை. கூட்டத்துக்கு முதல் திருப்பித் தரவேண்டும் என்று கடற்றொழிலாளர் சங்கம் கடனாகக் கொடுத்த ஒரே பிரதி.

“தண்ணிச் சாம்பிள் எடுக்கத்தானே மிஸ் வந்தனாங்கள்” என்றான் சில்வெஸ்ரர், வெறும் போத்தலைக் காட்டி. “எடுத்தாச்சு. கொஞ்சம் கூடிப்போச்சு.”

தக்ஷாயினி நனைந்த அறிக்கையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். யாழ்ப்பாணத்தில் ஒரு மாடியறையில் துப்பறியும் கந்தோர் வைத்திருப்பவள், அதற்கு முன் புள்ளிவிபரம் படிப்பித்தவள். அந்தப் பார்வை படிப்பித்த காலத்தில் இருந்து வந்தது. சில்வெஸ்ரர் இந்தக் கரையில் வளர்ந்தவன், அவளுடைய உதவியாளன், ஓட்டோச் சாரதி, சில நாட்களில் அவளுடைய தலையிடி.

நாற்றத்தைச் சொல்லவேண்டும். செத்த எலியைச் சவுக்காரத் தண்ணீரில் அவித்து, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கினால் எப்படியிருக்குமோ, அதற்கு ஒரு படி மேலே. ஊர்காவற்றுறைக்குத் தெற்கேயுள்ள அந்தச் சின்னக் கரை இரண்டு வருடமாக இந்த நாற்றத்தில்தான் சோறு தின்கிறது.

அதற்கு முன் நண்டோடு தின்றது. கரையோரமாக, ஏற்றுமதிக்குக் கடலட்டை அவிக்கும் கொட்டில் ஒன்று முளைத்தது. அவித்த தண்ணீர் குடாவுக்குள் போனது, குடாவிலிருந்து நண்டு போனது. ஊர் கத்தியது. கொட்டில்காரர் ஓர் ஆய்வு நிலையத்தைக் கூட்டிவந்தார்கள். நிலையம் ஒரு வருடம், பிடிபட்ட நண்டைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, கொட்டிலில் குற்றமில்லை, ஊராரின் சின்னக்கண் வலையில்தான் குற்றம் என்று எழுதியது. இன்று பின்னேரம் சங்கக் கூட்டம். அறிக்கையை ஏற்றுக்கொண்டால் குடாவில் நண்டு வலை போட ஏலாது.

தினமும் கரையில் நின்று நண்டு நிறுத்து எழுதியவன் தர்சன். அதே கரையில் பிறந்தவன். அறிக்கை வந்த நாளிலிருந்து அவனை ஒரு வள்ளத்திலும் ஏற்றுவதில்லை.

அவனுடைய தாய் மரியநாயகி ஒரு வாளி நல்ல தண்ணீரோடு வேலியால் வந்தாள். தக்ஷாயினியை அமர்த்தியது அவள்தான்.

“கழுவுங்கோ பிள்ளை” என்று வாளியை வைத்தாள். “நான் சுத்திவளைச்சுக் கேக்கேல்லை. என்ர மகன் பொய்க்கணக்கு எழுதினவனோ, இல்லையோ? ஓமெண்டாலும் சொல்லுங்கோ, தாங்குவன். ஊர் பாதி ஓம், பாதி இல்லை எண்டு கதைக்கிறதைத்தான் தாங்க ஏலாமல் கிடக்கு.”

“அவரைக் கேக்கேல்லையோ அக்கா?” என்றான் சில்வெஸ்ரர்.

“கேட்டனான். ‘நீங்களுமோ அம்மா’ எண்டு போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டான். அது ஒரு பதிலோ தம்பி?”

சில்வெஸ்ரர் காற்சட்டையைப் பிழிவதுபோலக் குனிந்துகொண்டான். பகிடிக்கு இடமில்லாத நேரங்களில் அவனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வரும்.

*

ஆய்வு நிலையத்தின் கிளை வேலணையில் இருந்தது. குளிரூட்டிய அறை, கண்ணாடி மேசை. மேசைக்குப் பின்னால் திட்ட அதிகாரி கஜரூபன். சில்வெஸ்ரர் உள்ளே காலை வைத்ததும் கஜரூபன் மேசை லாச்சியைத் திறந்து வாசனைப் போத்தல் ஒன்றை எடுத்து இருபக்கமும் அடித்தார். இப்போது யாரோ மல்லிகைத் தோட்டத்துக்குள் அட்டை அவிப்பதுபோல இருந்தது. முந்தியதே பரவாயில்லை என்று சில்வெஸ்ரருக்குப் பட்டது.

“அறிக்கையில இன்னொரு பிரதி வேணும்” என்றாள் தக்ஷாயினி.

“பாப்பம்.”

“எப்ப?”

“பிரிண்டர் ஒரு மாதிரி நிக்குது.”

“அப்ப நண்டு நிறுத்து எழுதின தரவைத் தாங்கோ. தர்சன் தினம் தினம் குடுத்ததை.”

“தரவு…” கஜரூபன் கூரையைப் பார்த்தார். தரவு அங்கே ஒட்டியிருப்பதுபோல. “அந்தக் கொம்பியூட்டர் பழுதாகி, கொழும்புக்குப் போய், அது ஒரு பெரிய கதை மிஸ்.”

சில்வெஸ்ரர் குறுக்கே வந்தான். “சேர், ஒரு சின்னக் கேள்வி. தர்சன் எழுதினதைத்தான் அப்பிடியே போட்டனீங்களோ?”

“ஏன் கேக்கிறீர்?”

“தெரிஞ்சுகொள்ளத்தான்.”

“பொதுவாய் நாங்கள் களத்தில இருந்து வாறதைத்தான் பாவிக்கிறது.”

“இந்தமுறை?”

“நீர் உந்தக் கதிரையில இருக்கப் போறீரோ?” என்றார் கஜரூபன், போத்தலைக் கையில் எடுத்தபடி.

சில்வெஸ்ரர் நின்றான்.

தக்ஷாயினி கைப்பையை மூடினாள். போகப் புறப்படுகிறவள்போல எழும்பி, கதவருகில் திரும்பினாள். “சரி, தரவு இல்லையெண்டால் இல்லை. நீங்கள் அதில பொருத்தின கணக்கு மொடலையாவது தாங்கோவன். முடிவு மட்டும் இருந்தாலே காணும்.”

கஜரூபன் முதல்தடவையாகச் சிரித்தார். “அதில என்ன கிடக்கு? நாலு குணகம். வெறும் நாலு எண். அறிக்கையிலயும் அதுதான். கொண்டு போங்கோ.” உள்ளறையைப் பார்த்துக் கூப்பிட்டார். “ஹம்சத்வனி, அந்த மொடலை ஒரு பென் டிரைவில போட்டுக் குடும்.”

ஹம்சத்வனி ஒல்லியான பெண். ஒப்பந்த வேலை, மாதக்கடைசியில் முடிகிறது என்பதைக் கஜரூபனே தேவையில்லாமல் சொன்னார். உள்ளறையில் அவள் கோப்பைப் பிரதி பண்ணும்வரை சில்வெஸ்ரர் மேசைக்கு இந்தப்பக்கம் எட்டவே நின்றான், நாற்றம் அவளுக்குப் போகாமல் இருக்க.

“தங்கச்சி, உங்களுக்குத் தெரியுமோ? தர்சன்ர கணக்குத்தானோ இது?”

அவள் கஜரூபனின் கதவைப் பார்த்தாள். “தேத்தண்ணி குடிக்கிறியளோ அண்ணை?” என்று கேட்டாள்.

காலையிலிருந்து அவன் கேட்ட எல்லாக் கேள்விக்கும் கிடைத்த மிக மரியாதையான பதில் அதுதான்.

*

கடலுக்கு நடுவால் போகும் தாம்போதியில் ஓட்டோவை ஓரம் கட்டினார்கள். காற்று நல்லது. காற்சட்டையைக் கழற்றி ஓட்டோவின் பின்கம்பியில் கட்டிவிட்டு, சீற்றுக்குக் கீழே கிடந்த சாரத்தை உடுத்திக்கொண்டான் சில்வெஸ்ரர். யாழ்ப்பாண பஸ்ஸில் போன சனம் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தது. கொண்டக்டர் கை காட்டினார். சில்வெஸ்ரர் வேட்பாளரைப்போலத் திருப்பிக் காட்டினான்.

தக்ஷாயினி பின்சீற்றில் மடிக்கணினியைத் திறந்தாள். புள்ளிவிபரக்காரர் பாவிக்கிற மென்பொருளுக்கு ‘ஆர்’ என்று பெயர். ‘யார்’ என்பதையே ‘ஆர்’ என்கிற யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயரை வைத்துச் செய்யக்கூடிய பகிடி எல்லாவற்றையும் சில்வெஸ்ரர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே செய்து முடித்திருந்தான்.

மொடலின் பெயரை அடித்தாள். திரையில் சூத்திரமும் நாலு எண்ணும் வந்தன.

“சேர் சொன்னது சரிதான். நாலு குணகம்” என்றான் சில்வெஸ்ரர்.

“அது வீட்டு வாசலில மாட்டின பெயர்ப்பலகை. பலகையை வாசிச்சுப்போட்டு வீடு இவ்வளவுதான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். இப்ப அறைகளின்ர பெயரைக் கேப்பம்.”

கேட்டாள். வரிசையாக வந்தன. குணகங்கள், மீதிகள், பொருத்திய பெறுமானங்கள், இன்னும் பல. கடைசியில் தரவு.

“தரவோ? அது கொழும்பில எல்லோ கிடக்கு.”

“மொடலைப் பொருத்தேக்க, பாவிச்ச தரவை அது தன்னோட வைச்சுக்கொள்ளும். ஆரும் வேண்டாமெண்டு சொன்னால்தான் வைக்காது. சொல்லத் தெரியேல்லை அவருக்கு.”

அவள் முதலில் தரவைத் திறக்கவில்லை. மீதிகளைத் திறந்தாள். “மொடல் சொல்லுற பிடிக்கும் உண்மையாய் நிறுத்த பிடிக்கும் உள்ள வித்தியாசம்தான் மீதி. ஒரு நாளைக்கு நாலு கிலோ கூட வரும், ஒரு நாளைக்கு அஞ்சு கிலோ குறையும். இஞ்ச பாரும்.”

ஒவ்வொரு மீதியின் தலையிலும் அது எந்த நாளுக்குரியது என்ற திகதி இருந்தது. பெரும்பாலான எண்கள் மேலும் கீழும் துள்ளின. இடையிடையே சில மட்டும் துள்ளவில்லை. பூச்சியம், பூச்சியம் தசம் ஒன்று, மறுபடி பூச்சியம்.

“இந்த நாட்களில மட்டும் நண்டு கோட்டில வந்து ஒழுங்காய் நிக்குது” என்றாள்.

“நண்டு நேர்கோட்டில நடந்த சரித்திரமே இல்லை மிஸ்.”

“அதுதான். இது கடலில பிடிச்ச நண்டில்லை. கோட்டைப் பாத்து எழுதின நண்டு. ஆனா ஏன் இந்த நாட்கள்? ஏப்ரல் ஆறு, பதின்மூண்டு, இருபது, இருபத்தேழு…”

சில்வெஸ்ரர் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். அவன் கோயிலுக்குப் போய் எத்தனையோ காலம். ஆனால் அந்தக் கரையில் வளர்ந்தவனுடைய உடம்பில் ஒரு நாட்காட்டி இருக்கிறது, அதைக் கழற்ற ஏலாது.

“ஞாயிறு மிஸ். எல்லாம் ஞாயிறு.”

“அதுக்கு?”

“சனி பின்னேரம் அந்தக் கரையில ஒருத்தரும் வலை போடமாட்டினம். ஞாயிறு காலமை பூசை. நண்டு வாறதெண்டால் அதுவாய் நடந்துதான் வரவேணும்.”

தக்ஷாயினி நிமிர்ந்தாள். அவள் நல்லூர்ப் பக்கத்துக்காரி. அவளுக்குத் தெரியாத ஒன்றைத் தான் சொல்லிவிட்ட சந்தோசத்தை முகத்தில் காட்டாமல் இருக்கச் சில்வெஸ்ரர் படாத பாடு பட்டான். பிறகு அவனுடைய கண் இன்னொரு திகதியில் விழுந்தது. சந்தோசம் போய்விட்டது.

“பதினெட்டாந் திகதி என்ன போட்டிருக்கு?”

“நாப்பத்திரண்டு கிலோ. மீதி பூச்சியம்.”

“அது பெரிய வெள்ளி.”

அந்த நாள் அவனுக்கு நல்ல ஞாபகம். இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ் நாடகத்தில் உரோமைச் சேவகனாக வந்து, ஈட்டி தடுக்கி விழுந்து, அழுதுகொண்டிருந்த ஊரைச் சிரிக்க வைத்தவன் அவன். ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. ஒரு வள்ளமும் தண்ணீரில் இல்லை. அந்த நாளில் குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு யாரோ நாற்பத்திரண்டு கிலோ நண்டு பிடித்திருக்கிறார்கள்.

“கொட்டிலில எந்தெந்த நாளில அவிப்பினம்?” என்று தக்ஷாயினி கேட்டாள்.

“சனி கட்டாயம் அவிப்பினம். கிழமை நடுவில இடைக்கிடை. பெரிய வெள்ளிக்கு முதல் நாள் வியாழனும் அவிச்சவங்கள். நாத்தத்தில ஆராதனை பாதியில எழும்பினது ஞாபகம் கிடக்கு.”

“அப்ப விளங்குது. அவிச்ச அடுத்த நாள் பிடி குறையுதோ எண்டதுதான் ஆய்வின்ர கேள்வி. அவிச்ச அடுத்த நாள் வலை போடாட்டில், அந்த நாளுக்கெல்லாம் நல்ல பிடி எண்டு இட்டுக்கட்டி நிரப்பினால் கொட்டில் வெள்ளையாய் வெளியில வந்திடும்.”

அவள் கஜரூபனுக்குத் தொலைபேசி எடுத்து, சத்தம் இருவருக்கும் கேட்கப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிக் கேட்டாள்.

“அந்தப் பெடியன் கரையில நிண்டு நிறுத்தானோ, வீட்டில கிடந்து எழுதினானோ, ஆருக்குத் தெரியும்?” என்றார் கஜரூபன். “கூட்டத்தில பாப்பம்.”

“மிஸ்” என்றான் சில்வெஸ்ரர், அவர் வைத்தபிறகு. “அந்தக் கரையில பொய் எழுதுறவனும் பெரிய வெள்ளியில எழுதமாட்டான். பொய்க்கும் கொஞ்சம் ஊர் அறிவு வேணும்.”

“அது எனக்கும் உமக்கும் காணும். கூட்டத்துக்குக் காணாது.”

அவள் சூத்திரத்தை மட்டும் தனியே கேட்டாள். ஒரு வரியில் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு சின்ன வரி, எழுத்தும் இலக்கமும் கலந்து, குப்பைபோல. சில்வெஸ்ரர் அதைக் கண்டும் காணாமல் விட்டான். தக்ஷாயினி விடவில்லை. அவளுடைய மூக்கு நுனி சிவந்தது, நல்ல துப்புக் கிடைத்தால் சிவக்கிறமாதிரி.

“இது ஒரு முகவரி. சூத்திரம் எந்த அறைக்குள்ள எழுதப்பட்டதோ அந்த அறையை அது மறக்காது. மொடலைச் சேமிக்கேக்க அறையையும் சேர்த்துத்தான் கட்டும். மேசை, கதிரை, அலுமாரி எல்லாத்தோடயும்.”

“ஆரேன் பூட்டிப் போட்டிருந்தால்?”

“இதுக்குப் பூட்டில்லை.”

அறையில் என்னென்ன இருக்கிறதென்று கேட்டாள். இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்று மொடல் பாவித்தது. மற்றதன் பெயர் ‘தர்சன்’.

அதில் ஞாயிறு ஒன்றும் இல்லை. பெரிய வெள்ளியும் இல்லை. மற்ற நாட்களின் எண்கள் துள்ளின, நண்டு துள்ளுகிறமாதிரி. தக்ஷாயினி அதே சூத்திரத்தை அந்த அட்டவணை மேல் மறுபடி ஓட்டினாள். வலைக்கண்ணுக்குரிய குணகம் ஒன்றுமில்லாமல் சுருங்கியது. கொட்டிலுக்குரியது பூச்சியத்துக்குக் கீழே, பெரிய மறைப் பெறுமானமாக விழுந்தது.

“அவிச்ச அடுத்த நாள் பிடி பாதிக்குப் பாதி விழுது” என்றாள்.

“மிஸ், ஒரு சந்தேகம். மொடலுக்குத் தேவைப்பட்டது மற்ற அட்டவணைதானே. இதை ஏன் அறைக்குள்ள வைச்சிருக்கினம்?”

தக்ஷாயினி அவனைத் திரும்பிப் பார்த்தாள். இந்தமுறை பார்வை வேறு. “நல்ல கேள்வி. இந்த அட்டவணையை உள்ளுக்குக் கொண்டுவந்து வைச்சிருக்கு. பிறகு ஒரு இடத்திலயும் தொடேல்லை.”

“பாவிக்காத சாமானைப் பெட்டியில வைச்சுக் கட்டுறதெண்டால், ஆரோ ஒருத்தர் பெட்டியைத் திறந்து பாக்கட்டும் எண்டுதானே வைப்பினம்?”

“கஜரூபனுக்கு மொடல் பொருத்தத் தெரியாது” என்றாள் தக்ஷாயினி மெதுவாக. “அதில என்ன கிடக்கு எண்டு கேட்டவர் அவர். பொருத்தினது வேற ஒராள்.”

*

சங்க மண்டபம் நிரம்பியிருந்தது. தர்சன் வாசலுக்கு வெளியே நின்றான். இருபத்தெட்டு வயது இருக்கும், ஒரு மாதத்து நித்திரை பாக்கி முகத்தில் இருந்தது.

“உள்ள இடமில்லையாம் அண்ணை” என்றான்.

“என்னோட வாரும். என்னைச் சுத்தி எப்பவும் இடம் இருக்கும்” என்றான் சில்வெஸ்ரர். காய்ந்த காற்சட்டையை மறுபடி போட்டிருந்தான். அவன் நடக்க நடக்கச் சனம் மூக்கைப் பொத்தி விலகியது. அந்த வெற்றிடத்துக்குள் தர்சனையும் கூட்டிக்கொண்டுபோய் முன்வரிசையில், மரியநாயகியின் பக்கத்தில் இருத்தினான். தாய் மகனைப் பார்க்கவில்லை. கையை மட்டும் அவன் கதிரையின் சட்டத்தில் வைத்தாள்.

தக்ஷாயினி ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னபோது மண்டபம் முணுமுணுத்தது. பெரிய வெள்ளியைச் சொன்னபோது முணுமுணுப்பு நின்றது. பின்வரிசையில் யாரோ காறித் துப்ப எழும்பி வெளியே போனார். தர்சனின் அட்டவணையையும் அவள் திரையில் காட்டினாள்.

கஜரூபன் எழும்பினார். வாசனைக் கைலேஞ்சியால் மேலுதட்டை ஒற்றினார்.

“மிஸ் சொல்லுறதில ஒரு சின்னப் பிரச்சினை. அந்தக் கோப்பு காலமையிலயிருந்து ஆரின்ர கையில இருந்தது? அவவின்ர கையில. அவவை அமர்த்தினது ஆர்? தர்சன்ர தாய். உள்ளுக்கு இன்னொரு அட்டவணையை வைக்கிறதுக்கு அவவுக்கு எவ்வளவு நேரம் தேவை?”

மண்டபத்தின் தலைகள் திரும்பின. தக்ஷாயினியின் பக்கம், பிறகு மரியநாயகியின் பக்கம். அரை நிமிடத்துக்கு முன் ஊர் முழுக்க அவர்கள் பக்கம் நின்றது. இப்போது மறுபடி பாதி ஓம், பாதி இல்லை. தர்சன் எழும்பப் பார்த்தான். தாயின் கை அவன் தோளுக்கு ஏறியது.

சில்வெஸ்ரருக்கு அருவருப்பாக இருந்தது. கொட்டில் நாற்றம் கழுவினால் போகும். இந்த மனுசன் பேசிவிட்டு இருந்த இடத்தைக் கழுவுவதற்குத் தண்ணீர் காணாது. அவன் முன்வரிசையிலிருந்து எழும்பி, கஜரூபனின் பின்னால் கோப்புகளை மடியில் அடுக்கிக்கொண்டு இருந்த ஹம்சத்வனியிடம் போனான். நாற்றத்தை நினைத்து இரண்டடி தள்ளி நின்றான்.

“தங்கச்சி, காலமை கேட்ட அதே கேள்விதான். நான் வெட்கம் கெட்டவன், திருப்பிக் கேக்கிறன். அந்த ஞாயிறுகளும் பெரிய வெள்ளியும் தர்சன் எழுதினதோ, இல்லையோ?”

“ஹம்சத்வனி, நீர் பேசாமல் இரும்” என்றார் கஜரூபன். “மாசக்கடைசி வருது, ஞாபகம் வைச்சுக்கொள்ளும்.”

அவள் கஜரூபனைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கோப்புகளைப் பக்கத்துக் கதிரையில் வைத்தாள். மரியநாயகியைப் பார்த்தாள்.

“இல்லை” என்றாள். “நான் எழுதினனான். சேர் பக்கத்தில இருந்து நாள் நாளாய்ச் சொல்லச் சொல்ல, நான்தான் எழுதினனான்.”